ஃபில்லர் ஊசி போட்டபின் ‘திருப்தி’ என்று டிக் அடிக்க, போடும் முன்பே செய்ய வேண்டியவை

தோல் சிகிச்சை மையம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். முகத்தில் குழியையும் மடிப்பையும் நிரப்பப் போடும் ஜெல் ஊசிதான் ஃபில்லர். அதைப் போடுவது டாக்டர். அதற்கு முன்னால் படம் எடுப்பது, மரத்துப்போகும் க்ரீம் தடவுவது, போட்டபிறகு ஐஸ் வைப்பது, மறுநாள் போன் செய்து விசாரிப்பது, இரண்டு வாரம் கழித்து வருகிறவர்களிடம் திருப்திப் படிவத்தை நீட்டுவது எல்லாம் என் வேலை.

அந்தப் படிவங்களை வாங்கி அடுக்கி அடுக்கி எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. மனக்குறையோடு போகிறவர்களில் பலருக்கு ஊசி என்னவோ சரியாகத்தான் விழுந்திருக்கும். அவர்கள் வாயால் கேட்டது ஒன்று, மனதில் இருந்தது வேறொன்று. இல்லாவிட்டால், பார்க்கக் கூடாத நாளில் கண்ணாடியைப் பார்த்து முடிவு கட்டியிருப்பார்கள். எந்த கம்பெனி மருந்து நல்லது என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. காசும் கொடுத்து வலியும் பொறுத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி மனதுக்கு நிறைவாக இருக்க, போட்டுக்கொள்பவர் பக்கத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

குறையை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

“சிஸ்டர், இந்தக் கோடு போகணும்.” பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். விரல், மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பின் மேல் இருக்கும். நான் உடனே தலையாட்டிவிட மாட்டேன். “இது எப்போதிலிருந்து உறுத்துது? யாராவது ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வேலை செய்யற இடத்துல எல்லாரும், உடம்பு சரியில்லையா, ராத்திரி தூங்கலையான்னு கேட்கறாங்க” என்பார்கள்.

பாருங்கள், குறையே மாறிவிட்டது. களைத்த தோற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த மடிப்பாக இருக்காது. வயது ஏற ஏறக் கன்னத்துக் கொழுப்பு மெலிகிறது, கீழே இறங்குகிறது. அடியில் இருக்கும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. மேலே தாங்கல் குறைந்ததால் கண்ணடியில் குழி விழுகிறது, கீழே மடிப்பு ஆழமாகிறது. கோடு போகணும் என்று கேட்டவருக்கு இருக்கிற ஜெல்லை எல்லாம் கோட்டிலேயே நிரப்பினால் கோடு குறையும், வாயைச் சுற்றி முகம் கனத்துவிடும், களைப்பு அப்படியே இருக்கும். டாக்டர் தன் குறிப்பேட்டில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதுவார். நோயாளி என் படிவத்தில் ‘மாற்றம் இல்லை’ என்று டிக் அடிப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இந்த இடைவெளி மருத்துவ உலகத்துக்குத் தெரியாததில்லை. மடிப்பின் ஆழத்தை 5 படியாகப் பிரித்து டாக்டர் மதிப்பிடும் அளவுகோல் ஒன்று உண்டு. ‘மிக மிக மேம்பட்டது’ என்பதிலிருந்து ‘மோசமானது’ வரை 5 படி உள்ள இன்னொரு அளவுகோலும் ஆய்வுகளில் புழங்குகிறது. இவை போதவில்லை என்றுதான் ஆன் கிளாசென், ஆண்ட்ரியா பூசிக், ஸ்டெஃபான் கேனோ என்ற ஆய்வாளர்கள் நோயாளிகளிடமே பேசி ‘ஃபேஸ்-கியூ’ என்ற கேள்வித்தொகுப்பை உருவாக்கினார்கள். பதில்களைக் கூட்டி 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். மதிப்பெண்ணை விடுங்கள், அதில் உள்ள கேள்விகள்தான் எனக்குப் பிடிக்கும். நாள் முடியும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது? தூங்கி எழுந்தவுடன்? பளிச்சென்ற வெளிச்சத்தில்? போட்டோவில்? பக்கவாட்டில் பார்த்தால்? ஓய்வெடுத்த முகமாகத் தெரிகிறதா? இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா?

பொதுவாக இவை சிகிச்சை முடிந்தபின் கேட்கப்படும் கேள்விகள் என்றுதான் நினைப்போம். சிகிச்சைக்கு முன்னாலும் கேட்கலாம், கேட்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு மனம் சுருங்குகிறதோ அங்கேதான் உங்கள் குறை இருக்கிறது. அதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். எங்கே, எப்போது தெரிகிறது, என்ன உறுத்துகிறது என்ற மூன்றும் அதில் வர வேண்டும். “சாயங்காலம் ஆனால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்து களைத்த மாதிரி இருக்கிறேன்” என்பது நல்ல வாக்கியம். “அழகாகணும்”, “பத்து வயசு குறையணும்” இரண்டும் உதவாது. அவற்றை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் ஊசியை எங்கே குத்துவது என்று முடிவு செய்ய முடியாது.

நடிகை படத்தைப் போனில் காட்டுகிறவர்கள் நிறைய. அதற்குப் பதிலாக உங்கள் பழைய படம் ஒன்றைக் கொண்டுவாருங்கள், பத்து வருடத்துக்கு முந்தையது. முகத்தில் எது எங்கே இருந்தது, எது போயிற்று என்று டாக்டருக்கு அதிலிருந்து விளங்கும். அடுத்தவர் உதட்டை உங்கள் பல் வரிசைமேல் வைத்தால் அது அந்த உதடாக இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் சங்கடமான விஷயம். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு குறை உங்களுக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறதா? தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி முன் போகிறதா? அதற்காக வெளியே போவதையே தவிர்க்கிறீர்களா? உருவம் பற்றிய இப்படிப்பட்ட வதைப்புக்கு மருத்துவத்தில் தனிப் பெயரும் தனிச் சிகிச்சையும் உண்டு. ஊசி அங்கே உதவாது. ஒரு குறையை நிரப்பினால் கவலை வேறொரு இடத்துக்கு நகரும். இப்படிப்பட்டவர்களை நல்ல டாக்டர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டவுடனே ஊசியை எடுக்கிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

செல்ஃபியை வைத்து முகத்தை எடைபோடாதீர்கள்

2018ல் வந்த ஒரு ஆய்வு: சுமார் 30 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. மூக்கு பெரிதாகத் தெரிந்தால் கன்னமும் தாடையும் ஒடுங்கித் தெரியும். செல்போனைப் பார்த்துப் பார்த்தே “எனக்குக் கன்னமே இல்லை” என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். கன்னம் இருக்கிறது. கை நீளம்தான் போதவில்லை.

கண்ணாடிக்கும் ஒரு சிக்கல். அதில் நாம் காண்பது இடவலம் மாறிய முகம். 1977ல் நடந்த ஒரு சோதனையில், ஆட்கள் தங்கள் கண்ணாடி உருவத்தையே விரும்பினார்கள், அவர்களுடைய நண்பர்களோ நேர் உருவத்தை விரும்பினார்கள் என்று தெரிந்தது. பழகிய முகம்தான் பிடிக்கிறது. ஆகவே கிளினிக்கில் எடுத்த படத்தைக் காட்டினால் பலர் “இது நானா?” என்று முகம் சுளிப்பார்கள். நீங்கள்தான், மற்றவர்கள் பார்க்கும் நீங்கள்.

படம் எடுக்கும்போது நான் கடைப்பிடிக்கும் முறையை வீட்டிலும் செய்யலாம். ஜன்னலுக்கு எதிரே நில்லுங்கள், பின்னால் வெற்றுச் சுவர் இருக்கட்டும். மேக்கப் வேண்டாம், முடியை வாரிப் பின்னால் கட்டுங்கள், நகைகளைக் கழற்றுங்கள். வேறொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, போனின் பின்பக்கக் கேமராவை உங்கள் கண் மட்டத்தில் பிடித்து எடுக்கட்டும். நேராக ஒன்று, அரைவாசி திரும்பி இரண்டு பக்கமும், முழுப் பக்கவாட்டில் இரண்டு பக்கமும், கடைசியாகச் சிரித்தபடி ஒன்று. எந்த நேரம், எந்த ஜன்னல் என்று குறித்து வையுங்கள். பின்னால் எடுக்கும் படங்களும் அதே இடத்தில், அதே நேரத்தில் இருந்தால்தான் ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு.

இந்தப் படங்களை வைத்துக்கொண்டு ஊசிக்கு முன்பே உங்கள் முகத்தின் கோணலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோணல் இல்லாத முகமே கிடையாது. ஒரு புருவம் தாழ்ந்திருக்கும், ஒரு கன்னம் தட்டையாக இருக்கும், மேலுதட்டின் ஒரு முனை கொஞ்சம் ஏறியிருக்கும். ஊசி போட்டபின் எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அப்போதுதான் இவை முதல்முறையாகக் கண்ணில் படும். “ஊசி போட்டதிலிருந்து இடது பக்கம் இறங்கிடுச்சு சிஸ்டர்” என்பார்கள். பழைய படத்தைத் திருப்பிக் காட்டுவேன். அதே இடது பக்கம், அதே இறக்கம்.

ஃபில்லரால் எது தீரும்

நிரப்புவதுதான் ஃபில்லரின் வேலை. குழி, தட்டை, மெலிந்த உதடு, முகம் அசையாமல் இருக்கும்போதும் தெரிகிற மடிப்பு, இவற்றுக்குச் சரி. சிரித்தால், புருவத்தை நெரித்தால் மட்டும் வரும் கோடுகள் தசையின் வேலை, அதற்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் வகை ஊசி வேறு. கருமை, துளைகள், நன்றாகத் தொங்கிப்போன தோல் ஆகியவற்றுக்கு ஃபில்லர் ஒன்றும் செய்யாது. தொங்கும் தோலை ஜெல்லால் தூக்கிவிடலாம் என்று மேலும் மேலும் ஏற்றித்தான் சிலருக்கு முகம் உப்பிப் போகிறது.

அளவைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ஒரு சிரிஞ்சில் வழக்கமாக இருப்பது 1 மி.லி. மருந்து குடிக்கும் 5 மி.லி. கரண்டியை எடுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு நீர் ஊற்றிப் பாருங்கள். அதை இரண்டு கன்னத்துக்கும் பிரித்தால் பக்கத்துக்கு அரை மி.லி. தான். ஒரு சிரிஞ்சில் முகமே மாறிவிடும் என்று எதிர்பார்த்து வருகிறவர் ஏமாறாமல் போக வழியில்லை.

மருந்து வகைகளில் முதல்முறை போடுகிறவர்கள் ஹையலூரோனிக் அமில ஜெல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். நம் தோலிலேயே இருக்கும் பொருள்தான் அது, நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. சீக்கிரம் கரையாமல் இருக்க அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். பிடிக்கவில்லை என்றாலோ ஆபத்து என்றாலோ ஹையலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிடலாம். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி லாக்டிக் அமிலம் போன்ற வேறு ஃபில்லர் வகைகளுக்கு அந்த வசதி கிடையாது. பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் நுண்மணிகள் நிரந்தரமாகவே தங்கிவிடும். மனசு மாறக்கூடிய விஷயத்தில் மாற்ற முடியாத பொருள் எதற்கு? 1981ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மாட்டுக் கொலாஜன் புரத ஊசிக்கு அனுமதி கொடுத்தபோது, ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் கையில் போட்டுச் சோதித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003 கடைசியில் ரெஸ்டிலேன் என்ற ஹையலூரோனிக் அமில ஜெல் வந்தபிறகு அந்தக் காத்திருப்பு போயிற்று.

எவ்வளவு நாள் நிற்கும்? வாய் ஓயாமல் அசைவதால் உதட்டில் சீக்கிரம் குறையும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை. கன்னத்தில் கெட்டியான ஜெல் போட்டால் ஒன்றரை, இரண்டு வருடம்கூட நிற்கும். இது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தேதி போட்டு உத்தரவாதம் தருகிறவரை நம்ப வேண்டாம்.

முதல் சந்திப்பில் பேச வேண்டியது

எழுதிய வாக்கியத்தை டாக்டரிடம் படித்துக் காட்டுங்கள். அப்புறம் அமைதியாக இருங்கள். அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்து, சிரிக்கச் சொல்லி, “உங்கள் குறைக்குக் காரணம் இங்கே இருக்கிறது” என்று வேறோர் இடத்தைக் காட்டினால் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். “எனக்கு எதைச் செய்ய வேண்டாம் என்று நினைக்கிறீர்கள்?” என்பதும் நல்ல கேள்வி. வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை என்றால் யோசியுங்கள்.

ஊசி போடப்போவது யார், அவருடைய மருத்துவத் தகுதி என்ன, ஹையலூரோனிடேஸ் இப்போதே இந்த இடத்தில் இருக்கிறதா, கண்பார்வையில் கோளாறு வந்தால் என்ன செய்வீர்கள், எங்கே அனுப்புவீர்கள், இரவில் யாரைக் கூப்பிடுவது? இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார்கள், பதில் தயாராக இருக்கும். ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் ‘பேனா’ கருவிகள் பக்கம் போகவே வேண்டாம். 2021ல் எஃப்.டி.ஏ. அவற்றைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. இணையத்தில் மருந்து வாங்கித் தானே குத்திக்கொள்வதைப் பற்றி நான் என்ன சொல்ல!

நீங்கள் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா? உதட்டோரம் அக்கிக் கொப்புளம் வருவதுண்டா? வந்தால் முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். பல் வேலை செய்துகொண்டீர்களா, செய்யப் போகிறீர்களா? முன்னும் பின்னும் இரண்டு வாரம் இடைவெளி விடச் சொல்வது வழக்கம். தேனீ கொட்டி உடம்பு பெரிதாக வீங்கியது உண்டா? உண்டென்றால் கரைக்கும் நொதிக்கும் ஒவ்வாமை வரலாம். முன்பு எப்போதாவது, எங்கேயாவது, எதையாவது முகத்தில் போட்டிருக்கிறீர்களா? இதைத்தான் அதிகம் பேர் மறைப்பார்கள். கூட வந்தவருக்குத் தெரியாது என்பதற்காக மறைப்பார்கள். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். உள்ளே சிலிக்கோன் இருக்கும் இடத்தில் மறுபடி குத்துவது விளையாட்டில்லை.

ரத்தக்கட்டு வராமல் இருக்க ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ இவற்றைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்துக்காகவோ மூளைக்காகவோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தம் உறையாமைக்கான மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கன்னத்தில் நீலம் பாய்ந்தால் ஒரு வாரம். பக்கவாதம் அப்படிப் போகாது.

ஊசி போடும் அன்று

பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே தொகுப்பு எண் அச்சிட்ட, உரித்து ஒட்டும் சின்ன லேபிள் இருக்கும். ஒன்று கிளினிக் கோப்புக்கு, இன்னொன்று உங்களுக்கு. நான் அதை நோயாளியின் சீட்டிலேயே ஒட்டி, எந்தப் பக்கம் எத்தனை மி.லி. என்று பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து வேறு டாக்டரிடம் போகும்போது அந்த ஒட்டுத்தாள்தான் உங்கள் முகத்தின் வரலாற்றைச் சொல்லும்.

வலி தாங்கக்கூடியதுதான். இப்போது பல ஜெல்களில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் மருந்து கலந்தே வருகிறது, உதட்டில்தான் சுரீரென்று இருக்கும். பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடி கேளுங்கள், படுத்திருக்கும்போது முகம் வேறு மாதிரி விழும். டாக்டர் “இன்னும் கொஞ்சம் போடலாமா?” என்று கேட்டால், முதல்முறை என்றால் “போதும்” என்றே சொல்லுங்கள். குறைவாகப் போட்டதை இரண்டு வாரத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம்: கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்

நான் மறுநாள் காலை போன் செய்வதற்கு முன்னாலேயே எனக்கு போன் வந்துவிடும். உதடு போட்டவர்களிடமிருந்துதான் வரும். “சிஸ்டர், வாத்து மாதிரி இருக்கேன், இதை எடுத்துடுங்க!” முதல் ஒன்றிரண்டு நாள் உதட்டு வீக்கம் உச்சத்தில் இருக்கும். காலையில் எழுந்ததும் அதிகம், மதியத்துக்குமேல் குறையும். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் வீங்குவது சகஜம். மூன்றாம் நாளிலிருந்து இறங்க ஆரம்பிக்கும். ரத்தக்கட்டு ஊதாவிலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில் போகும். தொட்டால் சின்ன முடிச்சுகள் தட்டுப்படலாம், முதல் சில நாளில் பெரும்பாலும் அது வீக்கமும் ஜெல்லும்தான். டாக்டர் சொன்னாலொழிய அமுக்கித் தேய்க்காதீர்கள்.

வினோதம் என்னவென்றால் அதற்கடுத்த வாரம் நேர்மாறான போன் வரும். “எல்லாம் கரைஞ்சு போச்சு போல!” ஒன்றும் கரையவில்லை. வீக்கத்தோடு இருந்த உதட்டுக்குக் கண் பழகிவிட்டது, அது வடிந்ததும் குறைந்த மாதிரி இருக்கிறது. மேலும் போடச் சொல்லி அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே காலண்டரில் இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியை வட்டமிடுங்கள். தீர்ப்பு அன்றைக்குத்தான். அதுவரை செல்ஃபி வேண்டாம், நெருங்கியவர்களிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்கவும் வேண்டாம். முக்கியமான நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே ஊசியை முடித்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் கடும் உடற்பயிற்சி, நீராவிக் குளியல், மது, முக மசாஜ் கிடையாது. தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள், குப்புறப் படுக்காதீர்கள். துணி சுற்றிய ஐஸைச் சில நிமிடம் வைத்து எடுங்கள், அழுத்த வேண்டாம்.

இப்போது சொல்வதற்கு மட்டும் ‘பொறுங்கள்’ என்ற பேச்சே பொருந்தாது. போட்ட இடத்திலோ கொஞ்சம் தள்ளியோ தோல் வெளிறிப்போவது, வலைவலையாக ஊதா நிறம் படர்வது, நேரம் போகப் போக ஏறும் வலி, விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆவது, ஓரிரு நாளில் பரு மாதிரி சின்னச் சீழ்க்கொப்புளங்கள் கிளம்புவது: இவை ரத்தக்குழாய் அடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். உடனே ஊசி போட்டவரைக் கூப்பிடுங்கள், நள்ளிரவாக இருந்தாலும் சரி. பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், கண்வலி, பேச்சுக் குழறல் என்றால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு. புருவ நடு, மூக்கு, நெற்றி, மூக்கோர மடிப்பு இங்கெல்லாம் உள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. அபூர்வமாகத்தான் நடக்கிறது, ஆனால் நடந்தால் நிமிடங்கள் கணக்கு. “சிஸ்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று காலை வரை காத்திருந்தேன்” என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

தீர்ப்பு நாளன்று

அதே ஜன்னல், அதே தூரம், அதே நேரம். படங்களை எடுத்துப் பழையவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் நீங்கள் எழுதிய வாக்கியத்தை எடுங்கள். சாயங்காலம் களைத்துத் தெரிகிறேன் என்பதுதானே குறை? சாயங்காலம் பாருங்கள். அந்தக் குறை தீர்ந்ததா, பாதி தீர்ந்ததா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். புதிதாகக் கண்ணில் பட்ட வேறு குறைகளுக்கு இன்றைக்கு இடமில்லை.

பாதி என்றால் எந்தப் பாதி என்று டாக்டரிடம் படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். கொஞ்சம் சேர்ப்பதா, இன்னும் சில வாரம் பொறுப்பதா என்று சேர்ந்து முடிவு செய்யலாம். கண்ணடியில் நீலச் சாயல் தெரிந்தால் ஜெல் தோலுக்கு மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நீலம் மேக்கப்பில் சரியாக மறையாது, கரைப்பதுதான் வழி. கரைக்கும் ஊசி ஓரிரு நாளிலேயே வேலையைக் காட்டிவிடும், சில சமயம் இன்னொரு தடவை போட வேண்டியிருக்கும். ஆபத்துக்காக அல்லாமல் பிடிக்கவில்லை என்பதற்காகக் கரைப்பதாக இருந்தால், வீக்கம் வடியும் முன் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

மாதங்கள் கழித்துத் திடீரென்று போட்ட இடம் தடித்தாலோ சிவந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பிறகோ தடுப்பூசிக்குப் பிறகோ சிலருக்கு அப்படி வீங்குவது உண்டு, பெரும்பாலும் மருந்துக்கு அடங்கும்.

படிவத்தை நிரப்பும்போது ஒரு வேண்டுகோள். டாக்டர் எதிரே நிற்கிறார் என்று ‘மிகவும் திருப்தி’யில் டிக் அடித்துவிட்டு, வாசலில் என்னிடம் “சுமார்தான் சிஸ்டர்” என்று சொல்லாதீர்கள். டாக்டர் முகத்தைப் பார்க்காமல், தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். கீழே குறிப்பெழுத இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள், எல்லோரும் காலியாகவே கொடுப்பார்கள். அங்கே உங்கள் முதல் வாக்கியத்தையும், அது எவ்வளவு தீர்ந்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டர் கோப்பைத் திறக்கும்போது முதலில் படிப்பது அதைத்தான்.

அடுத்த ஊசிக்கு முன்

ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதற்காக மறுபடி போட வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் சிலருக்கு ஜெல் எதிர்பார்த்ததைவிட வெகுகாலம் தங்கியிருப்பது தெரிந்திருக்கிறது. கண் புது முகத்துக்குப் பழகிவிடுவதால்தான் ‘போய்விட்டது’ என்று தோன்றுகிறது. பழகிய கண்ணோடு மேலும் மேலும் போட்டுக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் போகும். இது போட்டுக்கொள்பவருக்கு மட்டுமில்லை, தினமும் இதே முகங்களைப் பார்க்கும் எங்களுக்கும் நடக்கும்.

அதனால் மறுபடி வருகிறவர்களிடம் நான் முதலில் க்ரீமை எடுப்பதில்லை. கோப்பிலிருந்து முதல் நாள் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, இன்றைக்கு எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துவிடுவேன். சிலர் பார்த்துவிட்டு, “இன்னும் இருக்கே!” என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வேண்டும் என்று சொல்கிறவர்களிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, இந்தமுறைக்கான வாக்கியத்தை எழுதச் சொல்வேன்.